உள்ளே இருப்பவர் எழுந்திருக்க வேண்டாம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசக் கூப்பிட்டவர்கள், "டெக்னிக்கலா எதுவும் வேண்டாம் மேடம், அனுபவத்தை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் வசதி. நான் கட்டிக்காத்த இயந்திரங்களை இன்று நீங்கள் பார்த்தால் பழைய இரும்புக் கடைக்கு வழி சொல்வீர்கள்.

ஆனால் தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், சர்வருக்குள்ள யாராலயும் லாகின் பண்ண முடியலைன்னா முதல்ல என்ன செய்யணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த இளைஞர் முந்திக்கொண்டார். "ரீஸ்டார்ட்!"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் பழைய ஜி.எம். சாரும் இதையேதான் சொன்னார். அவரை நான் எப்படிச் சமாளித்தேன் என்று சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ. தீவுகளுக்கிடையே பயணிகள் படகு விடும் ஒரு நிறுவனத்தில் நான் கணினிப் பொறுப்பில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்கள் பாதிப்பேர் இன்னும் என்னைப் போர்ட் பிளேரின் ஜங்லிகாட் சந்தையில் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். அந்தச் சந்தையை ஒட்டிய கட்டடத்தின் மாடியில்தான் எங்கள் டிக்கெட் கூடம். கூடத்தின் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை. அதற்குள் எங்கள் யூனிக்ஸ் சர்வர். அதை அணைத்துப் பழக்கமே கிடையாது. கடைசியாக ஒருமுறை அணைத்து எழுப்பியபோது, ஹார்ட் டிஸ்க் வட்டைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு முழுப் பகலை விழுங்கிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தது.

படகு புறப்பட வேண்டுமானால் பயணிகள் பட்டியல் அச்சாகி ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, போய்ச் சேர வேண்டும். இதில் எங்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது, நாங்களும் கேட்டதில்லை. அலை வந்த வாரத்தில் யார் எந்தத் தீவில் இருந்தார்கள், யார் எந்தப் படகில் ஏறினார்கள் என்று தெரியாமல் ஜெட்டி ஜெட்டியாக அலைந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். எங்கள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ரப்பர் பால் எடுக்கக் குடியேறிய குடும்பம். என் சித்தப்பாவை நாங்கள் தேடாத முகாம் இல்லை. கடைசியில் மனிதர் ஒரு முகாமில் சாப்பாட்டு வரிசையில் இரண்டாம் தடவையாக நின்றுகொண்டிருந்தார். அப்படிச் சிரிக்கக் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். அதனால் பட்டியல் என்றால் எங்களுக்கு வெறும் காகிதமில்லை.

சென்னையிலிருந்து அருண் வந்தது அந்தச் சமயத்தில்தான். கணினிப் பாதுகாப்பைப் பலப்படுத்த மெயின்லேண்டிலிருந்து அனுப்பப்பட்ட நிபுணர். நல்ல பிள்ளை. ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த முதல் மெயின்லேண்ட் நிபுணர் அவர்தான். அதற்காகவே எனக்குப் பிடித்துவிட்டது.

அன்று காலை ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்கான டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியம் புறப்பட வேண்டிய படகு. கடல் கெடப்போகிறது, மறுநாளிலிருந்து படகு இருக்குமா என்பது சந்தேகம் என்று வானிலைச் செய்தி வந்திருந்ததால் கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். அருண் ஏ.சி. அறையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்தது நியாயமான வேலை. யூனிக்ஸில் ஒருவர் பெயரும் பாஸ்வேர்டும் சரியாகக் கொடுத்து உள்ளே வந்ததும், அவருக்கு எந்த நிரலைத் திறந்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதியிருக்கும். அதை ஷெல் என்போம். எங்கள் ஊழியர்களுக்குத் தேவைக்கு மேல் சுதந்திரம் தரும் ஷெல் வைத்திருந்தோம். அதை மாற்றிக் கட்டுப்பாடான ஒன்றை வைக்க நினைத்தார். ஒவ்வொன்றாக மாற்றாமல் எல்லாப் பெயருக்கும் ஒரே கட்டளையில் மாற்றினார். புதிய ஷெல்லின் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறிவிட்டது. அப்படி ஒரு நிரலே இயந்திரத்தில் கிடையாது. எல்லாப் பெயரும் என்றால், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கும் சேர்த்துத்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாற்றம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ரூட்டிலிருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போகப் பார்த்தார். இயந்திரம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டது. நல்வரவு சொன்னது. சொன்ன கையோடு வெளியே தள்ளியது.

அருண் மறுபடி முயன்றார். மறுபடியும் நல்வரவு, மறுபடியும் வாசல்.

"மேடம்," என்றார். "கொஞ்சம் வரீங்களா?"

போனேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. நம் தொழிலில் அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்காதவர் யாரும் இல்லை.

"என்ன மாத்துனீங்க?"

சொன்னார். சொல்லும்போதே எந்த எழுத்து தப்பு என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இங்கே கவனியுங்கள். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் திருத்த வேண்டிய கோப்பைத் திருத்த ரூட் வேண்டும். ரூட்டாக உள்ளே போக அந்தக் கோப்பு சரியாக இருக்க வேண்டும். வேறு கணக்கிலிருந்து ரூட்டாக மாறலாமே என்றால், அங்கும் அதே இல்லாத ஷெல்லைத்தான் தேடும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

அந்த நேரத்தில் விரல்கள் எதையாவது தட்டச் சொல்லிக் கெஞ்சும். எனக்கும் கெஞ்சின. நான் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இப்ப உள்ள யார் யார் இருக்காங்க?"

ஏனென்றால் ஷெல் மாறியது புதிதாக உள்ளே வருபவர்களுக்குத்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கூடத்தில் எட்டிப்பார்த்தேன். தேநீர் நேரம் என்று மற்ற கவுண்டர்காரர்கள் எல்லாம் ஒழுங்காக வெளியேறிவிட்டுப் போயிருந்தார்கள். ஒழுங்காக நடக்க வேண்டிய நாளைப் பாருங்கள்! மிச்சமிருந்தது இரண்டு பேர்.

ஒருவர் மண்டல் தாதா. வங்காளத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் என்ற அர்த்தத்தில் 'தாதா', கூடத்தில் மூத்த டிக்கெட் எழுத்தர். இன்னொருவர் லட்சுமி, அச்சும் பேக்கப்பும் பார்ப்பவள். ஏ.சி. அறையின் மூலையில் ஒரு டெர்மினலில் உட்கார்ந்திருந்தாள். தெலுங்குக் குடும்பம், என்னோடு தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவாள்.

"லட்சுமி, நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத. லாக் அவுட் பண்ணாத. சும்மா விட்டா அதுவே வெளிய தள்ளிரும். அப்பப்ப என்டர் தட்டிக்கிட்டே இரு."

"டீக் ஹை, சரி மேடம்," என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

கூடத்துக்கு ஓடினேன். மண்டல் தாதா அப்போதுதான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

"தாதா, பைட்டியே! உட்கார்ந்தே இருங்க!"

"அரே மேடம், ஸிர்ஃப் பாத்ரூம்..."

"இல்ல தாதா. உங்க கவுண்டர் மட்டும்தான் இப்ப உயிரோட இருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையிலிருந்து அவர் குடித்த தேநீர் எத்தனை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

எல்லா வரிசையையும் அவர் கவுண்டருக்குத் திருப்பிவிட்டோம். மூன்று வரிசை ஒன்றானால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஹிந்தியிலும் வங்காளியிலும் தமிழிலும் திட்டு வாங்கினேன். அந்தச் சந்தடியில் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டது ஒரு வங்காளிக் கல்யாணக் கோஷ்டி. மாப்பிள்ளை ஜங்லிகாட் வாசி, ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். பெண் ஹேவ்லாக்கில். அன்று ராத்திரி முகூர்த்தம். வெள்ளை நெட்டியில் செய்த கூம்புத் தலைப்பாகையை நசுங்காமல் ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து மாப்பிள்ளையின் மாமா தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை கையில் பாக்குவெட்டி. அவர்கள் வழக்கப்படி சடங்கு முடியும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாதாம்.

இந்த நேரத்தில்தான் ஜி.எம். சார் வந்தார்.

"க்யா ஹோ ரஹா ஹை? ஏன் ஒரே லைன்?"

சொன்னேன்.

"பஸ்? இவ்வளவுதானா? ரீஸ்டார்ட் மாரோ!"

"சார், உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. டிக்கெட் ஓடிக்கிட்டு இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணா அவங்களும் வெளிய போயிருவாங்க. மிஷின் எப்ப எந்திரிக்கும்னு எனக்குத் தெரியாது. எந்திரிச்சாலும் அதே தப்போடதான் எந்திரிக்கும்."

"மேடம், எங்க வீட்டு டி.வி.கூட ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது."

அவர் கை சுவிட்சுப் பலகைப் பக்கம் போவதைப் பார்த்தேன். பதறுகிற மேலதிகாரியை எதிர்த்து நிற்பது என் உயரத்துக்கு ஆகாத காரியம். ஆனால் அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததைச் செய்ய வருகிறார், அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார். வாய்த்தால் அடக்கப் பார்க்காதீர்கள். உண்மையிலேயே தேவையான ஒரு வேலையைக் கொடுத்து வெளியே அனுப்புங்கள்.

லட்சுமியிடம் அதுவரை பதிவான பயணிகள் பட்டியலை அச்சடிக்கச் சொன்னேன். அதைச் சுடச்சுட அவர் கையில் கொடுத்தேன்.

"சார், இதை நீங்களே ஜெட்டிக்கு எடுத்துட்டுப் போங்க. மிச்சப் பேர் வர கொஞ்சம் லேட் ஆகலாம்னு கேப்டன்கிட்ட சொல்லுங்க. வேற வழியே இல்லாமப் போனா, மீதிப் பேரைக் கையால எழுதிச் சேர்க்க பர்மிஷன் வாங்கணும். அது உங்க லெவல்ல பேசினாத்தான் நடக்கும்."

'உங்க லெவல்' என்ற இரண்டு சொல் வேலை செய்தது. ஸ்கூட்டரில் பறந்தார். சும்மா கழற்றிவிடச் சொன்ன வேலை இல்லை அது. உண்மையிலேயே எனக்கு அந்த இரண்டாவது வழி தேவைப்பட்டது. ஒரு வழியை மட்டும் நம்பி நிற்பவர்தான் அவசரத்தில் தப்பு செய்வார்.

திரும்பிப் பார்த்தால் மண்டல் தாதாவின் நாற்காலி காலி.

ஓடிப்போய்ப் பார்த்தால், கவுண்டர் கம்பிக்கு நடுவிலிருந்த பொந்து வழியாக ஒரு கை உள்ளே வந்து, கீபோர்டின் ஒரே ஒரு விசையை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் பாக்குவெட்டி. கம்பிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

"தாதா நே போலா ஹை, இதை மட்டும் தட்டிக்கிட்டே இருக்கணுமாம்," என்றார் பெருமையாக. ஒர்க் ஷாப்பில் தமிழ்க்காரர்களோடு பழகிய தமிழ்.

என் பின்னால் வந்த அருண் அப்படியே நின்றுவிட்டார். பாதுகாப்பைப் பலப்படுத்த விமானம் ஏறி வந்தவர்; வெளியாள் ஒருவர், அதுவும் ஆயுதபாணியாக, டிக்கெட் கணினியைத் தட்டுவதைப் பார்க்கிறார்.

"மேடம், இதை என் ரிப்போர்ட்ல எப்படி எழுதுவேன்?"

"எழுதாதீங்க," என்றேன்.

தாதா முகத்தில் ஒரு தெளிவோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். வரிசை மளமளவென்று குறைந்தது. இப்படியே போனால் படகை அனுப்பிவிட்டு, சாவகாசமாக மாலையில் பழுது பார்க்கலாம் என்று நான் நினைத்த வேளையில் கரண்ட் போனது.

போர்ட் பிளேரில் கரண்ட் போவது செய்தி இல்லை. ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். அதுவரை பேட்டரி தாங்கும். ஏ.சி. அறைப் பேட்டரி தாங்கியது. கூடத்துப் பேட்டரிக்கு மாற்று வேண்டுமென்று எழுதிப்போட்டு, அது கப்பலில் வருகிறது வருகிறது என்று பலகாலம் கேட்டுக்கொண்டிருந்தோம். மண்டல் தாதாவின் திரை ஒரு முறை சிமிட்டிவிட்டு இருண்டது. ஜெனரேட்டர் உறுமி எழுந்து வெளிச்சம் வந்தபோது அவர் திரையில் லாகின் என்ற ஒரு சொல் மட்டும் நின்றது.

தாதா தட்டிப் பார்த்தார். நல்வரவு. வாசல்.

கல்யாணக் கோஷ்டிக்கு இன்னும் டிக்கெட் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் மாமா பையை இறக்காமலே கேட்டார். "மேடம், ஹோ ஜாயேகா நா? ஆயிடுமில்ல?"

"ஆயிடும்," என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஏ.சி. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அந்த இயந்திரத்துக்குள் இப்போது இருந்த ஒரே மனித உயிர் லட்சுமி. அவளுக்கோ ரூட் அதிகாரம் கிடையாது. அருண் சுவரில் சாய்ந்து நின்றார். ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"சொல்லுங்க."

"ஒரு ஓட்டை இருக்கு மேடம். நேத்தே பார்த்தேன். சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு, சத்தமில்லாம அடைச்சிட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

அரை மணிக்கொருமுறை பதிவுகளை நகலெடுக்கும் ஒரு சின்ன நிரல் எங்களிடம் இருந்தது. இயந்திரம் தானாகவே அதை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும். அந்த நிரல் கிடந்த இடம் லட்சுமியின் கணக்கு. அதாவது, அவள் அதில் என்ன வரி எழுதிவைத்தாலும் ரூட் கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்யும். சர்வரை நிறுவிக்கொடுத்துவிட்டுப் போன காண்ட்ராக்டர் புண்ணியவான் செய்த வேலை. இத்தனை நாள் யார் கண்ணிலும் படாதது ஆண்டவன் செயல்.

"அதை நீங்க அடைக்கலியே?"

"மத்தியானத்துக்கு மேல அடைக்கலாம்னு..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர் நிமிர்ந்து நின்றார்.

உடனே கீபோர்டுப் பக்கம் பாய்ந்தார். "அந்தக் கோப்பு முழுக்கத் திருத்துற மாதிரி ஒரு கட்டளை எழுதிடறேன் மேடம், ரெண்டே வரி."

"வேண்டாம்."

கொஞ்சம் முன்னால் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றியவர் அவர். அதே கோப்பில், அதே அவசரத்தில், இன்னொரு கட்டளை. அதுவும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்காதபோது ரூட் ஓட்டப்போகும் கட்டளை. அதில் ஒரு புள்ளி பிசகினால் பெயர்கள் மொத்தமும் போய்விடும். படகு என்ன, கடையையே மூட வேண்டியதுதான்.

"சின்னதா ஒண்ணு யோசிங்க. தப்பாப் போனாலும் இப்ப இருக்கறதைவிட மோசமாகக் கூடாது. முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க."

குடித்தார். சட்டையில் பாதி, வாயில் பாதி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லட்சுமியின் என்டர் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே மாமாவின் குரல் ஒரு படி உயர்ந்தது. எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது, உலுக்கவில்லை. அன்று நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

கண்ணைத் திறந்தார். "மேடம், கோப்பைத் தொடவே வேண்டாம். இல்லாத ஷெல்லைத்தானே தேடுது? நான் தப்பா எழுதின அதே பேர்ல ஒரு இணைப்பு வெச்சு, பழைய ஷெல்லைக் காட்டிவிட்டா? ஒரே வரி. தப்பானா அந்தப் பேரை அழிச்சிட்டாப் போச்சு."

வீட்டு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டால், அந்தத் தப்பான எண்ணையே நம் வீட்டு வாசலில் மாட்டிவிடுவது! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"லட்சுமி தட்டட்டும்," என்றேன். "நீங்க எழுத்தெழுத்தாச் சொல்லுங்க. நான் பாக்கறேன்."

இதில் அருணுக்கு அவமானம் எதுவும் இல்லை. சற்றுமுன் சறுக்கிய விரல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல லட்சுமி தட்டினாள். அவர் தன் தப்பான எழுத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ஒருமுறை தடுமாறிச் சரியான பெயரைச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, தப்பா சொல்லுங்க," என்றாள் லட்சுமி. "சரியா சொல்லிட்டீங்க."

மூவரும் திரும்பத் திரும்பப் படித்தோம். சேமித்தாள். அரை மணிக்காகக் காத்திருந்தோம்.

காத்திருப்பது பற்றி யாரும் வகுப்பு எடுப்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட பிறகு மேலும் எதையாவது செய்யாமல் இருப்பது இருக்கிறதே, அதைப்போல் சிரமம் கிடையாது. அருண், "இன்னொரு வரி சேர்த்துடலாமா?" என்றார். "வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானே, "அந்த வரியைக் கொஞ்சம் மாத்தி..." என்று ஆரம்பித்தேன். "வேண்டாம்" என்றார் அவர். ஒருவருக்கொருவர் காவல்.

சர்வரின் வட்டு கரகரத்தது. நகலெடுக்கும் நிரல் ஓடுகிறது. நின்றது.

பக்கத்து டெர்மினலில் அருண் ரூட் என்று அடித்தார். பாஸ்வேர்டு. நல்வரவு. மூச்சை இழுத்துப் பிடித்தோம். வாசல் வரவில்லை. கட்டளைக்காகக் காத்திருக்கும் அந்தச் சின்னக் குறி கண்சிமிட்டி நின்றது.

அருண் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதற்கு மேல் நான் அவருக்குச் சொல்ல எதுவுமில்லை.

கோப்பைப் பொறுமையாகச் சரிசெய்தார். ரூட்டில் இருந்தபடியே மூன்றாவது டெர்மினலில் உள்ளே போய்ப் பார்த்து உறுதிசெய்தார். நிரலில் சேர்த்த வரியை எடுத்தார். ஓட்டையை அடைத்தார். நான் கூடத்துக்கு ஓடி, "தாதா, லாகின்!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூச்சல்தான். தாதா உள்ளே போனார். கல்யாணக் கோஷ்டியின் பெயர்களை மாமா சொல்லச் சொல்ல அடித்தார். வயதைச் சொல்லும் இடத்தில் ஓர் அத்தை பொய் சொல்ல, இன்னொரு அத்தை திருத்த, அங்கே கொஞ்சம் தாமதம். அருண் கூடத்து டெர்மினலிலிருந்தே முழுப் பட்டியலை அச்சுக்குக் கொடுத்தார். பிரிண்டர் கிறீச்சிட்டுக் காகிதத்தைத் தள்ள, அதைக் கிழித்து மாப்பிள்ளையிடமே கொடுத்தோம். வேறு யார் அவ்வளவு வேகமாக ஜெட்டிக்குப் போவார்கள்? பாதிக் கோஷ்டி ஆட்டோவில், மீதி ஸ்கூட்டர்களில். மாமா ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பையைத் தலைக்குமேல் பிடித்தபடி போனதைச் சந்தையே நின்று பார்த்தது.

ஜெட்டியில் ஜி.எம். சார் தன் லெவலில் பேசி, கேப்டனுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து, படகை நிறுத்தி வைத்திருந்தார். கோஷ்டி ஏறியதும் படகு புறப்பட்டது. திரும்பி வந்தவர் கூடத்தின் நடுவில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "மேனேஜ் கர் லியா! சமாளிச்சாச்சு!" என்றார். நிஜம்தானே? எல்லோரும் கைதட்டினோம். யாரோ சமோசா வாங்கி வந்தார்கள். அருண் தன் தப்பைத் தன் பெயர் போட்டே எழுதப்போவதாகச் சொன்னார். ஜி.எம். சார், "வானிலைக் கோளாறுன்னு எழுதுங்க," என்றார். அருண் கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு, சிரிப்பு, மறுபடி தேநீர்.

மாலை கிளம்பும்போது கைப்பையை எடுக்க ஏ.சி. அறைக்குப் போனேன்.

மூலையில் லட்சுமி. ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். முன்னால் டிபன் டப்பா திறந்திருந்தது. வலது கையில் சோறு. இடது கையால் என்டர் தட்டினாள். ஒரு வாய் சாப்பிட்டாள். மறுபடி என்டர்.

"லட்சுமி! இன்னுமா?"

"நீங்க எந்திரிக்கச் சொல்லலியே மேடம்."

எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். வேலை முடிந்ததும் வெளியே ஓடிப்போய்க் கைதட்டிச் சமோசா தின்ற எங்களில் ஒருவருக்கும் அவளிடம் வந்து 'முடிந்தது' என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. நெருக்கடியில் யாரை எங்கே நிற்கச் சொன்னோம் என்று நமக்கு நன்றாக நினைவிருக்கும். நெருக்கடி தீர்ந்ததும் முதலில் மறந்துபோவதும் அதுதான். நீங்கள் ஒருநாள் யாரையாவது அப்படி நிற்கச் சொல்வீர்கள். அன்றைக்கு இதை நினைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

"எந்திரிம்மா. எல்லாம் சரியாயிடுச்சு."

அவள் முறைப்படி லாக் அவுட் செய்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, மரத்துப்போன விரலை நீவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த தூல்ஹாவுக்கு, மாப்பிள்ளைக்கு, போட் கிடைச்சுதா மேடம்?"

கைப்பையைக் கீழே வைத்தேன். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாக்குவெட்டியிலிருந்து ஆரம்பித்தேன்.